மண்ணின் மைந்தர் அரசியல்: கோரிக்கை எது, ஏணி எது?

கடற்கரைச்சாலை:

2025 ஜூலை 5 அன்று மும்பை வொர்லியில் சிவசேனாவைத் தொடங்கிய பால் தாக்கரேயின் மகன் உத்தவ் தாக்கரேயும் தம்பி மகன் ராஜ் தாக்கரேயும் ஒரே மேடையில் நின்றார்கள். கிட்டத்தட்ட 20 வருஷப் பகைக்குப் பிறகு. காரணம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே இந்தி என்ற அரசாணை. அதை ஜூன் 29லேயே அரசு வாபஸ் வாங்கிவிட்டது, ஆனாலும் கூட்டம் நடந்தது. அதையொட்டிய நாட்களில்தான் மீரா ரோட்டில் மராத்தி பேசவில்லை என்று ஒரு கடைக்காரரை ராஜின் கட்சியான நவநிர்மாண் சேனாவின் ஆட்கள் அறைந்த வீடியோவும் சுற்றியது.

நம் வாட்ஸப் குழுக்களில் பாதிப் பேர் "சபாஷ், மொழிக்காக நிற்கிறார்கள்" என்கிறார்கள். மீதிப் பேர் "60களில் நம்மாட்களை விரட்டிய அதே கூட்டம்தானே" என்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. யாரை எதிரியாகக் காட்டுவது என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? எப்போது ஆரம்பித்து எப்போது நிறுத்துகிறார்கள்? வழக்கு ஏன் நிற்பதே இல்லை? தேதி, கணக்கோடு தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது. திட்டுகிற பதில்கள் வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

பழையதாள்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன்.

பால் தாக்கரே ஃப்ரீ பிரஸ் ஜர்னலில் கார்ட்டூனிஸ்ட்டாக இருந்தவர். வெளியே வந்து 1960ல் 'மார்மிக்' வார இதழைத் தொடங்கினார். அந்த வருஷம் மே 1ல்தான் மகாராஷ்டிரம் தனி மாநிலமாகப் பிறந்தது. மாநிலம் கிடைத்துவிட்டது, மும்பையும் கிடைத்துவிட்டது, ஆனால் எஸ்.எஸ்.சி. முடித்த மராத்திப் பையனுக்கு ஆபீஸ் வேலை கிடைக்கவில்லை. அந்தக் கடுப்பு உண்மையானது, யாரும் கற்பனையாகக் கிளப்பிவிட்டதல்ல. மார்மிக் செய்தது, வாராவாரம் கம்பெனி அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலைப் போட்டது. பெரும்பாலும் தென்னிந்தியப் பெயர்கள். தலைப்பு முதலில் "படித்துவிட்டுச் சும்மா இருங்கள்" என்று இருந்தது, பிறகு "படித்துவிட்டு எழுந்திருங்கள்" என்று மாறியது.

இங்கே கவனிக்க வேண்டியது, பட்டியலில் யார் இல்லை என்பதைத்தான். 1961 கணக்கெடுப்பில் மும்பையில் மராத்தி பேசுவோர் சுமார் 43 சதவீதம். தென்னிந்தியர் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. மில், மொத்த வியாபாரம், பங்குச் சந்தை எல்லாம் பெரும்பாலும் குஜராத்தி, மார்வாடி, பார்சி முதலாளிகள் கையில். ஊரை யார் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி என்றால் அவர்கள் பெயர்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாட்டுங்காவில் குடியிருந்து கோட்டைப் பகுதி ஆபீசுக்கு ரயிலேறிப் போகிற டைப்பிஸ்ட், ஸ்டெனோ, கணக்கர், அப்புறம் உடுப்பி ஓட்டல்காரர், இவர்கள்தான் வந்தார்கள்.

ஏன் என்று யோசித்தால் விடை லேசானது. மில் முதலாளியின் நாற்காலியில் தான் உட்காரலாம் என்று எந்தப் பையனும் நினைப்பதில்லை. கிளார்க் நாற்காலியில் உட்காரலாம் என்று நினைப்பான். அதில் இங்கிலீஷும் ஷார்ட்ஹேண்டும் தெரிந்த ஒரு மதராசி உட்கார்ந்திருக்கிறார். கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டுகிற ஆள். அவருக்கு உள்ளூரில் எம்.எல்.ஏ. கிடையாது, மராத்திப் பத்திரிகையில் செல்வாக்கு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல், அவரைத் தொட்டால் கட்சிக்கு வரும் நன்கொடை குறையாது. இன்றுவரை எந்த ஊரிலும் எதிரியைத் தேர்ந்தெடுக்கிற விதிமுறை இதுதான்.

1966 ஜூன் 19ல் சிவசேனா தொடங்கியது. அக்டோபர் 30ல் சிவாஜி பார்க்கில் முதல் தசராக் கூட்டம். மேடையில் காங்கிரஸ்காரர் ராம்ராவ் ஆதிக்கும் இருந்தார். கூட்டம் கலைந்த கையோடு தாதர் பக்கம் தென்னிந்தியர் கடைகள் மீது கல் விழுந்தது. "லுங்கி ஹட்டாவ், புங்கி பஜாவ்" கோஷம் இந்தக் காலத்தது.

அடுத்த வருஷமே யாருக்கு லாபம் என்று தெரிந்துவிட்டது. 1967 மக்களவைத் தேர்தலில் வி.கே. கிருஷ்ண மேனனுக்குக் காங்கிரஸ் டிக்கெட் மறுத்தது. அவர் பம்பாய் வடகிழக்கில் சுயேச்சையாக நின்றார். அவர் மலையாளி, போதாததற்கு இடதுசாரி. சேனா காங்கிரஸ் வேட்பாளர் எஸ்.ஜி. பார்வேக்கு வேலை செய்தது, மேனன் தோற்றார். பார்வே சீக்கிரமே இறந்து இடைத்தேர்தல் வந்தது, அதிலும் மேனன் தோற்றார். முதலமைச்சர் வசந்தராவ் நாயக்கின் தயவில் வளர்ந்ததால் சேனாவை "வசந்த் சேனா" என்று கிண்டல் செய்தார்கள்.

அதோடு மதராசி விவகாரம் பின்னுக்குப் போய், கம்யூனிஸ்டுகள் முன்னுக்கு வந்தார்கள். 1967 கடைசியில் பரேல் தள்வி கட்டடத்தில் இருந்த அவர்கள் அலுவலகம் தாக்கப்பட்டது. 1968ல் சேனாவுக்கென்று தனித் தொழிற்சங்கம் வந்தது. செங்கொடிச் சங்கத்துக்கு மாற்றாக ஒன்று கிடைத்ததில் முதலாளிகளுக்கு வருத்தமில்லை. 1970 ஜூன் 5ல் பரேல் எம்.எல்.ஏ., கம்யூனிஸ்ட் கட்சியின் கிருஷ்ணா தேசாய் கொல்லப்பட்டார். கைதானவர்கள் சேனா ஆட்கள். அக்டோபரில் நடந்த இடைத்தேர்தலில் வாமன்ராவ் மகாடிக் ஜெயித்து, சேனாவின் முதல் எம்.எல்.ஏ. ஆனார். தேசாய் மராத்தியர், மில் தொழிலாளிகளின் தலைவர். மராத்தி மக்களுக்கான கட்சி சட்டமன்றத்துக்குள் முதலில் நுழைந்த வாசல் இது.

மீசைக்காரன்:

எல்லாம் சரி சார். ஆனா ஒண்ணு கேக்கறேன். ரயில்வே பரீட்சைக்கு விளம்பரம் பீகார் பேப்பர்ல வருது, மராத்திப் பேப்பர்ல வரல, அங்கிருந்து ஆயிரக்கணக்குல வந்து எழுதிட்டுப் போறாங்கன்னு ராஜ் தாக்கரே சொன்னதுல என்ன பொய்? நம்ம பொன்மலைப் பட்டறையில வெளி மாநிலத்துக்காரங்களை எடுத்தப்போ இங்க எல்லாக் கட்சியும் கத்தலையா? நாம கத்தினா உரிமை, அவன் கத்தினா வெறியா? கொஞ்சம் நியாயமா பேசுங்க.

கணக்குப்பிள்ளை:

மீசைக்காரன், புகார் நியாயமானது. அதைத் தீர்த்தவர் யார் என்று பாருங்கள். 2009ல் மம்தா பானர்ஜி ரயில்வே அமைச்சரான பிறகு, வட்டார மொழிகளிலும் தேர்வு, எல்லா வாரியங்களுக்கும் ஒரே நாளில் தேர்வு என்று விதி மாறியது. ஒரே நாளில் என்றால், ஒருவன் பத்து வாரியத்துக்கு அலைந்து எழுத முடியாது. கூட்டம் தானாகக் குறையும். டெல்லியில் ஒரு அறையில் ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம் அது. அதற்குத் தேர்வு மையத்து வாசலில் ஹால் டிக்கெட்டைக் கிழித்து, பரீட்சை எழுத வந்த பையனை அடிக்க வேண்டியதில்லை. அப்படியானால் ஏன் அடித்தார்கள்? தேதிகளை வரிசையாக வைத்தால் தெரியும்.

2003 ஜனவரியில் மகாபலேஷ்வரில் உத்தவ், சேனாவின் செயல் தலைவரானார். தீர்மானத்தை முன்மொழிந்தவரே ராஜ்தான், முன்மொழிய வைத்தார்கள் என்றும் வைத்துக்கொள்ளலாம். அந்த வருஷம் உத்தவ் "மீ மும்பைகர்" என்று ஒரு இயக்கம் நடத்தினார். மும்பையில் வாழ்கிற எல்லோரும் மும்பைக்காரரே, வட இந்தியர் ஓட்டும் வேண்டும் என்ற கணக்கு. நவம்பரில் கல்யாணில் ரயில்வே தேர்வுக்கு வந்த பீகார் பையன்கள் தாக்கப்பட்டார்கள். தாக்கியவர்கள் அதே கட்சியின் மாணவர் அணியினர், அந்த அணி ராஜ் கையில். மும்பைகர் இயக்கம் அத்தோடு படுத்துவிட்டது. அடி விழுந்தது பீகாரி முதுகில், குறி வைத்தது அண்ணன் இயக்கத்தை.

2005 நவம்பரில் ராஜ் வெளியேறினார். 2006 மார்ச் 9ல் நவநிர்மாண் சேனா பிறந்தது. கொடியில் காவி, பச்சை, நீலம் எல்லாம் இருந்தது. வளர்ச்சி பேசினார், எல்லோரையும் சேர்த்துப் பேசினார். 2007 மும்பை மாநகராட்சித் தேர்தலில் 227ல் 7 இடம். அதாவது, நல்ல பிள்ளையாக இருந்து பார்த்தார், ஓட்டு விழவில்லை. 2008 பிப்ரவரியில், பீகாரிகள் கொண்டாடும் சத் பூஜை ஒரு நாடகம் என்றார், அமிதாப் பச்சன் உத்தரப் பிரதேசத்துக்கே விளம்பரம் செய்கிறார் என்றார். டாக்சி, பேல்பூரி வண்டி, பால்காரர் என்று அடி விழுந்தது. நாசிக்கிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ரயிலேறினார்கள். பிப்ரவரி 13ல் கைது, அன்றே ஜாமீன். அக்டோபரில் மறுபடி ரயில்வே தேர்வு, மறுபடி கைது, மறுபடி எல்லா சேனலிலும் அவர் முகம்.

பலன் 2009ல். மக்களவைத் தேர்தலில் அவர் கட்சி ஒரு இடம்கூட ஜெயிக்கவில்லை. ஆனால் மும்பையின் 6 தொகுதியிலும் சேனா-பா.ஜ.க. கூட்டணி காலி. மும்பை வடகிழக்கைப் பாருங்கள் (மேலே சொன்ன மேனன் தொகுதியின் பெயர்தான், எல்லை மாறிவிட்டது). தேசியவாத காங்கிரஸின் சஞ்சய் பாட்டீல் பா.ஜ.க.வின் கிரீட் சோமையாவை 2,933 ஓட்டில் தோற்கடித்தார். நவநிர்மாண் சேனாவின் சிசிர் ஷிண்டே வாங்கியது 1 லட்சத்து 95 ஆயிரம். தென் மும்பையில் அவர்களுடைய பாலா நந்த்காவ்கர் இரண்டாமிடம், சேனாவின் மோகன் ராவ்லே மூன்றாமிடம். ஜெயித்தவர்கள் காங்கிரஸ் கூட்டணிக்காரர்கள். மாநிலத்தில் போலீஸ் யார் கையில் இருந்தது? அதே கூட்டணியின் கையில். அந்தக் கைதுகள் ஏன் அவ்வளவு மெதுவாகவும் அவ்வளவு விளம்பரத்தோடும் நடந்தன என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. 60களின் வசந்த் சேனா கதையிலும் இதே கணக்குதான்: ஆளுங்கட்சிக்கு எதிரணி ஓட்டை உடைக்க ஒரு ஆள் வேண்டும்.

2009 சட்டமன்றத்தில் 13 இடம், சிவசேனாவின் தலைமையகமான சேனா பவன் இருக்கிற மாஹிம் தொகுதி உட்பட. 2012ல் மும்பை மாநகராட்சியில் 28, நாசிக்கில் 122ல் 40 இடமும் மேயர் பதவியும். அதுதான் உச்சம். 2014 சட்டமன்றத்தில் 1. 2017ல் நாசிக்கில் 5. நிர்வாகம் கையில் வந்த ஊரிலேயே 40 எப்படி 5 ஆனது என்பதுதான் பாடம். குடிநீர், சாலை, குப்பை என்று வந்தால் பீகாரியைக் காட்டிச் சமாளிக்க முடியாது.

2020 ஜனவரியில் கொடி முழுக்கக் காவியானது. 2022ல் மசூதி ஒலிபெருக்கி. 2024 மக்களவைத் தேர்தலில் மோடிக்கு நிபந்தனையற்ற ஆதரவு, அதே வருஷச் சட்டமன்றத்தில் பூஜ்யம், மகன் அமித் மாஹிமில் தோல்வி. அதற்கப்புறம்தான் 2025ல் மறுபடி மராத்தி. மும்பை மாநகராட்சித் தேர்தல் 2022லிருந்து தள்ளிப்போய் வந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் 74,000 கோடிக்கு மேல்.

இந்தி அரசாணையை எதிர்த்தது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அறைந்தது வேறு விஷயம். அரசாணை போட்டது அமைச்சரவை. அறை வாங்கியவர் பலகாரக் கடைக்காரர்.

கடற்கரைச்சாலை:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஒரு கூட்டம் போட்டால் இரவோடு இரவாக ஆள் எப்படி வருகிறது? பணம் கொடுத்தா?

பழையதாள்:

பணத்தை விட வலுவானது ஷாகா. மாநகராட்சி வார்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சின்ன அறை, வாசலில் கரும்பலகை, உள்ளே சிவாஜி படம். பொறுப்பாளர் ஷாகா பிரமுக், அவருக்குக் கீழே தெருக்களைப் பார்த்துக்கொள்ள கட் பிரமுக், மேலே விபாக் பிரமுக். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போனால் ஆள் இருப்பார். குழாயில் தண்ணீர் வரவில்லை, ஸ்கூல் அட்மிஷன், ரேஷன் கார்டு, ஆம்புலன்ஸ், மாமியார்-மருமகள் சண்டை, எல்லாம் அங்கே தீரும். வேலையில்லாத பையன் ஒருவனுக்கு வடாபாவ் வண்டி போட இடம் பிடித்துக் கொடுப்பதும் அங்கேதான். அந்த வண்டிக்கு லைசென்ஸ் இருக்காது. அதாவது நாளைக்கு அந்த இடம் நீடிக்க ஷாகாவின் தயவு வேண்டும். கூப்பிட்ட நேரத்துக்கு அவன் வராமல் என்ன செய்வான்?

வேலை விஷயத்தில் இன்னும் கச்சிதம். 70களில் 'ஸ்தானிய லோகாதிகார் சமிதி' என்று ஒன்று, சுதீர் ஜோஷி முன்னின்றது. வங்கி, எல்.ஐ.சி., ஏர் இந்தியா என்று ஒவ்வொரு நிறுவனத்திலும் கிளை. 80 சதவீதம் உள்ளூர்க்காரர் என்று கேட்டு, மேலாளரை முற்றுகையிட்டு, கூடவே மராத்திப் பையன்களுக்குத் தேர்வுப் பயிற்சியும் கொடுத்தார்கள். இது நிஜமாகவே பலன் தந்த பகுதி, மறைக்கக் கூடாது. பல ஆயிரம் மராத்திக் குடும்பங்கள் இதை மறக்கவில்லை, விசுவாசத்தின் வேர் அங்கே இருக்கிறது.

ஆனால் 1982 ஜனவரி 18ல் தத்தா சாமந்த் தலைமையில் மில் ஸ்டிரைக் தொடங்கி சுமார் இரண்டரை லட்சம் பேர் தெருவுக்கு வந்தபோது, அதில் பெரும்பகுதி கொங்கண், சத்தாரா பக்கத்து மராத்தியர்கள். மராத்தி உழைப்பாளிகள் இழந்த வேலையில் அதைவிடப் பெரியது கிடையாது. சேனா அங்கே ஒரு பொருட்டாகவே இல்லை. அடிக்க மதராசியும் இல்லை, பையாவும் (வட இந்தியரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) இல்லை, எதிரே இருந்தது மில் முதலாளியும் அரசும். பிற்பாடு மில் நிலங்கள் விலைக்கு வந்தன. 2005ல் சேனா பவனுக்கு எதிரே கோஹினூர் மில் நிலத்தை 421 கோடிக்கு ஏலத்தில் எடுத்த கூட்டில், முன்னாள் முதல்வர் மனோகர் ஜோஷி மகனின் நிறுவனமும் ராஜ் தாக்கரே தரப்பு நிறுவனமும் இருந்தன. ராஜ் 2008ல் விலகிக்கொண்டார். சட்டப்படி எடுத்த ஏலம்தான். ஆனாலும் அந்த நிலத்தில் உழைத்தவர்கள் எந்த மொழிக்காரர்கள் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வழக்குக்கட்டு:

மூன்றாவது கேள்வி: வழக்கு ஏன் நிற்பதில்லை.

பிரிவுகளுக்குப் பஞ்சமில்லை. பிறப்பிடம், மொழி, வசிப்பிடம் இவற்றை வைத்துப் பகை மூட்டினால் பழைய இ.பி.கோ. 153ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 196. சிக்கல் அடுத்த படியில். இந்தக் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். பழைய குற்ற நடைமுறைச் சட்டம் 196, புதியதில் 217. போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடலாம், கைது செய்யலாம், கேமரா முன் ஜீப்பில் ஏற்றலாம். குற்றப்பத்திரிகைக்கு உயிர் வர உள்துறையின் கையெழுத்து வேண்டும். அந்தக் கோப்பு மேசையிலேயே கிடக்கும். அப்படியே அனுமதி கிடைத்தாலும், 321 என்று ஒன்று இருந்தது, இப்போது 360. அரசு வழக்கறிஞர் நீதிமன்ற ஒப்புதலோடு வழக்கையே வாபஸ் வாங்கலாம். ஆட்சி மாறும்போது "அரசியல் போராட்ட வழக்குகள்" என்று மொத்தமாகக் கட்டி வாபஸ் பெறுவது எல்லா மாநிலத்திலும் சகஜம்.

இவ்வளவு சிரமம் ஏன் என்றால், 153ஏயில் தண்டனை உறுதியானால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8(1)ன்படி பதவி போகும், வெறும் அபராதம் விதித்தாலும் 6 வருஷம் போட்டியிட முடியாது. அதனால் தலைவர் மீதான வழக்கு கடைசிவரை போகாமல் பார்த்துக்கொள்வார்கள். கல் எறிந்த பையன் மீதான வழக்கு போகும். அது சாதாரணக் கலவரப் பிரிவு, அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். பாஸ்போர்ட் விசாரணையிலும் அரசு வேலைச் சரிபார்ப்பிலும் அது அவன் முன்னால் வந்து நிற்கும்.

தேர்தல் வழக்கு இன்னொரு வழி. அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3)ல் மதம், இனம், சாதி, சமூகம், மொழி பேரில் ஓட்டுக் கேட்பது முறைகேடு. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதி அமர்வு, 4க்கு 3 என்று, வாக்காளரின் மொழியைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்றது. ஆனால் பட்டியலில் பிறந்த மாநிலம் என்று ஒன்று இல்லை. "வெளியூர்க்காரன்" என்று பேசுகிறவர் இந்த இடுக்கில் நழுவுவார். மனுவும் முடிவு வந்த 45 நாளுக்குள் போட வேண்டும். வேகத்துக்கு ஒரு உதாரணம்: 1987 வில்லே பார்லே இடைத்தேர்தலில் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1995ல். பால் தாக்கரே 6 வருஷ வாக்குரிமையை இழந்தார். அதற்குள் அவர் கட்சி மாநிலத்தையே ஆண்டுகொண்டிருந்தது.

கொஞ்சமாவது வலித்தது பணத்தில் அடித்தபோதுதான். 2003 ஜூலை 30 பந்த்துக்காக பம்பாய் உயர் நீதிமன்றம் 2004ல் சேனாவுக்கும் பா.ஜ.க.வுக்கும் தலா 20 லட்சம் அபராதம் போட்டது. தனிநபர் மீதல்ல, கட்சி மீது.

மீசைக்காரன்:

சரி, ஒத்துக்கறேன். அப்ப நிஜமாவே உள்ளூர்க்காரனுக்கு வேலை வேணும்னு நினைக்கிற கட்சி என்னதான் செய்யணும்? 75 சதவீதம் சட்டம் போட்டா தப்பா?

வழக்குக்கட்டு:

போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஹரியானாவில் 2019ல் துஷ்யந்த் சவுதாலாவின் ஜன்நாயக் ஜனதா கட்சி இதைச் சொல்லித்தான் 10 இடம் வாங்கித் துணை முதல்வர் பதவியைப் பிடித்தது. மாதம் 30,000 ரூபாய் வரையிலான தனியார் வேலையில் 75 சதவீதம். 2022 ஜனவரி 15ல் அமலுக்கு வந்தது, 2023 நவம்பர் 17ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இது நடக்கும் என்று அரசியல் சட்டம் படித்த எவருக்கும் தெரியும். அரசு வேலைக்கே வசிப்பிட நிபந்தனை விதிக்க 16(3)ன்படி நாடாளுமன்றத்துக்குத்தான் அதிகாரம். 2024ல் அந்தக் கட்சிக்குப் பூஜ்யம். கர்நாடகம் 2024 ஜூலையில் இதே மாதிரி மசோதாவைக் கொண்டுவந்து சில நாளில் கிடப்பில் போட்டது. மும்பையில் 2010ல் காங்கிரஸ் முதல்வர் அசோக் சவான் டாக்சி உரிமத்துக்கு மராத்தி கட்டாயம் என்று அறிவித்து, மறுநாளே இந்தி, குஜராத்தியும் போதும் என்று பின்வாங்கினார். அறிவிப்பு நேரத்துக்கான கைதட்டல் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் தேவை.

நிஜமாகச் செய்ய வேண்டியது சுவாரஸ்யம் இல்லாத வேலை. காண்டிராக்டர் வெளி மாநிலத் தொழிலாளியைக் கூட்டி வருவது அவன் மலிவு என்பதால். 12 மணி நேரம் வாங்கலாம், பி.எஃப். கட்ட வேண்டாம், தகரக் கொட்டகையில் தங்க வைக்கலாம். 1979 வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட்டி வந்தால் லைசென்ஸ், போட்டோ ஒட்டிய பாஸ்புக், மாதக் கூலியில் பாதி இடப்பெயர்ச்சிப் படி என்று கேட்டது. காண்டிராக்டர் தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும். அதை ஒழுங்காக அமல்படுத்தியிருந்தால் மலிவு போயிருக்கும். மலிவு போனால் உள்ளூர்க்காரனை எடுப்பதில் முதலாளிக்கு நஷ்டமில்லை. எந்தக் கட்சியாவது தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில் போய், இந்த சைட்டில் பாஸ்புக் எங்கே, லைசென்ஸ் எங்கே என்று தகவல் உரிமை மனு போட்டு உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே நன்கொடை தருகிற பில்டரின் பெயர் வரும்.

கடற்கரைச்சாலை:

கடைசியாக ஒன்று. 2009 நவம்பரில் சட்டமன்றத்தில் அபு ஆஸ்மி இந்தியில் பதவியேற்றார் என்று நவநிர்மாண் சேனா எம்.எல்.ஏ.க்கள் அவரைத் தாக்கியதாகப் படித்தேன். அவர்களுக்கு என்ன ஆனது?

கணக்குப்பிள்ளை:

நவம்பர் 9. நான்கு பேரை 4 வருஷம் சஸ்பெண்ட் செய்தார்கள், அடுத்த வருஷமே ரத்தாகிவிட்டது. ராம் கதம் 2014ல் பா.ஜ.க.வுக்குப் போனார். வசந்த் கிதே பா.ஜ.க.வுக்குப் போய்விட்டுப் பிறகு சேனாவுக்கு வந்தார். சிசிர் ஷிண்டே 2018ல் சேனாவுக்கே திரும்பினார். ரமேஷ் வாஞ்சளே 2011ல் காலமானார், அந்த இடைத்தேர்தலில் அவர் மனைவி நின்றது தேசியவாத காங்கிரஸ் சின்னத்தில். அபு ஆஸ்மி இன்னும் மான்குர்த் தொகுதியில் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்.